வெர்னா வாங்கிய கிறுக்கல் கார்டுகள்

எங்கள் ஜான்ஸ்டவுன் பேஸ்பால் கார்டு சந்தையில் வெர்னா ஹுடாக்கைத் தெரியாதவர் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு, தீயணைப்பு நிலையத்து ஹாலில் நாங்கள் மேசை போட்டு முடிப்பதற்குள், சர்ச் பூசைக்குப் போட்ட அதே நீலக் கோட்டோடு வந்து நிற்பார். ஹால் முழுக்க ஆண்கள். தொப்பையும் காப்பிக் கோப்பையுமாக நிற்கிற எங்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் பெண். வருவார், குனிவார், "அறுபத்திரண்டு இருக்கா? கிறுக்கினதா இருந்தா எடு" என்பார். நல்ல கார்டை நீட்டினால் கையாலேயே தள்ளிவிடுவார்.

ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகள் வருடத்துக்கு ஒரு செட்டாக வரும். சேர்க்கிறவனுக்கு எத்தனை வருடத்து செட் இருந்தாலும் உயிர் ஒன்றில்தான் இருக்கும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மெர்லுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. படுக்கை வாட்டத்தில் ஓவியம் தீட்டின அட்டைகள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிப்போகும். எனக்கு எழுபத்தொன்று. அதன் கறுப்பு ஓரம் மூச்சுப் பட்டாலே உதிர்ந்து வெள்ளை காட்டும், அந்தத் திமிருக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். இளவட்டங்களுக்குப் பளபளப்பு வேண்டும். ஆட்டக்காரரின் சட்டைத் துணியைக் கத்தரித்து அட்டைக்குள் பதித்து விற்கிறார்கள், இவர்களும் வாங்குகிறார்கள். வாங்கினதை உடனே தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பி, மார்க் போட வைத்து, கெட்டி பிளாஸ்டிக்குக்குள் அடைத்துத் திருப்பி வாங்குகிறார்கள். தொட்டுப் பார்க்க முடியாத கார்டு என்ன கார்டு? அது சவப்பெட்டி. சொன்னால் என்னைக் கிழவன் என்பார்கள்.

வெர்னாவின் அறுபத்திரண்டுக்கு மரப்பலகை மாதிரி பழுப்பு ஓரம். பலகையில் ஒட்டின படம் கீழ் மூலையில் பெயர்ந்து சுருண்டிருப்பது போல அச்சடித்திருப்பார்கள். அந்தச் சுருளில்தான் ஆட்டக்காரரின் பெயரும் அணியும் இருக்கும். பழுப்பு என்பதால் மூலை கொஞ்சம் மழுங்கினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். அதைத் தேடித் தேடிப் பேனாக் கிறுக்கலோடு வாங்குகிற ஒரே ஆள் இவர்தான்.

"எதுக்கு இந்தக் குப்பை, மிஸஸ் ஹுடாக்?" என்று மெர்ல் ஒருமுறை கேட்டான்.

"கிறுக்கல் இருந்தா மலிவு. ஆலைக்காரன் விதவைக்கு இது போதும்."

எல்லோரும் நம்பினார்கள். பாவம் என்று மெர்ல் அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

எங்கள் சந்தையில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. எந்த ஊர்ச் சந்தையிலும் உண்டு. யாராவது ஒருவன் பெருமூச்சு விட்டு, "எங்கம்மா மட்டும் என் கார்டுப் பெட்டியைத் தூக்கிப் போடலைன்னா, நான் இன்னிக்கு அதை வித்து ஃப்ளோரிடாவுல காலை நீட்டிப் படுத்திருப்பேன்" என்பான். "உங்கம்மாவாவது பெட்டியைப் போட்டாங்க, எங்கம்மா அலமாரியோட போட்டாங்கடா" என்பான் இன்னொருவன். ஹாலே சிரிக்கும். ஒருநாள் மெர்ல் நேரே வெர்னாவிடம் திரும்பினான்.

"நீங்களே சொல்லுங்க. இந்த அம்மாக்களெல்லாம் ஏன் குப்பைத் தொட்டியோட கூட்டு வெச்சுக்கிறீங்க?"

"உன்னையே தூக்கிப் போடாம வளர்த்தாங்களே உங்கம்மா. அதுக்கே தினம் ஒரு மெழுகுவத்தி ஏத்துடா."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. வெர்னாவும் சிரித்தார். ஆனால் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அதை நான் பார்த்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பனி கொட்டியது. பஸ் வரவில்லை. நான்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கித் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்பங்கரை மேசையில் ஆல்பத்தைத் திறந்தார்.

"கஸ், உனக்கு வாய் நீளம். ஆனா நம்பலாம்னு தோணுது. இதை ஹால்ல சொல்லக் கூடாது."

அவருக்கு ஒரே மகன், லென்னி. அறுபத்திரண்டில் பதின்மூன்று வயது. பேப்பர் போட்டுச் சம்பாதித்த சில்லறையை எல்லாம் கடைக்காரனிடம் கொடுத்து, கார்டும் பபிள்கம்முமாக அந்தக் கோடை முழுக்க மென்றுகொண்டே திரிந்திருக்கிறான். ஆட்டக்காரர் அணி மாறினால் இவன் சும்மா இருக்க மாட்டான். சுருண்ட மூலையில் இருக்கிற பழைய அணியை நீல மையால் அடித்து, புது அணியை எழுதி, கீழே இரண்டு கோடு போடுவான். பள்ளிக்கூட நோட்டில் தலைப்புக்குப் போடுவது போல. பேப்பரில் செய்தி வந்த அன்றைக்கே எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். எங்கள் காலத்துப் பையன்கள் அநேகமாக எல்லோரும் செய்த காரியம்தான். இன்றைக்குப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

அறுபத்தெட்டில் லென்னி பட்டாளத்துக்குப் போனான். அவன் பயிற்சியில் இருந்தபோது வெர்னா அவன் அறையைச் சுத்தம் செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுத் திரை தைத்துப் போட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்புப் பெட்டிகளைக் கார்டோடு சர்ச்சின் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்தார். பத்தொன்பது வயது ஆண்பிள்ளைக்கு எதற்கு விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருக்கிறார். வியட்நாமுக்குக் கப்பலேறும் முன்னால் அவன் லீவில் வந்தான். அறைக்குள் போனான், குனிந்து பார்த்தான், கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"ஏண்டா, அது உனக்கு வேண்டியிருந்துதா? அம்மா தப்புப் பண்ணிட்டேனா?" என்று இவர் கேட்டாராம்.

"இல்லம்மா. பரவாயில்ல. ரூம் ரொம்ப நல்லா இருக்கு" என்றானாம். பிறகு, "பியரோகி செஞ்சியா?" என்று கேட்டு, உருளைக்கிழங்கு வைத்த அந்தக் கொழுக்கட்டையை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

மறுவருடம் செய்தி சொல்லப் பட்டாளச் சீருடை போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும், கஸ். அலமாரியை உடைச்சிருந்தாக்கூடச் சரிதான். அம்மாகிட்டக் கோவிச்சுக்கக்கூட மனசில்லாம போயிட்டான்னுதான் இத்தனை வருஷமா எனக்கு உறுத்துது."

புருஷன் ஸ்டீவ் இறந்த பிறகுதான் அவர் சந்தைக்கு வர ஆரம்பித்தார். சர்ச் விற்பனையில் போன அட்டைகள் எங்கே போய்விடும்? இந்த மலைகளுக்குள்தான் கைமாறிக்கொண்டு இருக்கும் என்று ஒரு கணக்கு. நான் ஆல்பத்தைப் புரட்டினேன். கிறுக்கிய கார்டுகள் நிறைய இருந்தன. கறுப்பு மை, பென்சில், யார் யாரோ பையன்கள். அவற்றுக்கு நடுவே நீல மையும் அடியில் இரண்டு கோடும் போட்ட கார்டுகள் கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றை மட்டும் ஆல்பத்தின் நடுவில் ஒரே பக்கத்தில் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தின் பிளாஸ்டிக் உறை தடவித் தடவி மங்கிப் போயிருந்தது.

"இவ்வளவுதான் அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தது" என்றார். நான் நூடுல்ஸை முழுங்கிவிட்டு வெளியே போய்ப் பனியைத் தள்ளினேன்.

அதற்குப் பிறகு நானும் போகிற ஊரெல்லாம் அந்த இரண்டு கோட்டைத் தேடினேன். ஆல்டூனாவில் ஒன்று கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தபோது அவர் நன்றி சொல்லவில்லை. என் கன்னத்தைத் தட்டினார்.

அவருக்கு எண்பது வயதாகிற வருடம் எனக்கு முழங்காலில் அறுவை. இரண்டு சந்தைகளுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தேன். அந்த நேரத்தில்தான் மெர்ல் அவர் ஆல்பத்தை ஹாலில் பார்த்திருக்கிறான். பழைய காலத்து உறைகள் நாளாக ஆக வியர்த்து அட்டையைக் கெடுத்துவிடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"இதை இப்படியே வெச்சிருந்தா கார்டு எல்லாம் பாழாயிடும், மிஸஸ் ஹுடாக். குடுங்க, நான் புது உறையில மாத்தித் தரேன்" என்று கேட்டிருக்கிறான். கார்டு கெட்டுவிடும் என்று சொன்னால் அவர் கொடுக்காமல் என்ன செய்வார்? இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

செட் சேர்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோசமான கார்டை வைத்து இடத்தை நிரப்புவான். நல்லது கிடைத்ததும் பழையதைக் கழித்துவிட்டு நல்லதை வைப்பான். அதில் பிழை ஒன்றும் இல்லை, நாங்கள் எல்லோரும் அப்படித்தான். மெர்ல் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டான். பிறந்தநாளுக்குக் கிழவியை அசத்த வேண்டும் என்று, அவர் ஆல்பத்தில் இருந்த அத்தனை கிறுக்கல் கார்டுக்கும் சுத்தமான கார்டு தேடினார்கள். ஒரு பெரிய நட்சத்திரத்தின் கார்டுக்காக மெர்ல் தன் உயிரான ஐம்பத்தாறிலிருந்து ஒன்றை விற்றான். அவன் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

பிறந்தநாள் ஞாயிறு நான் கைத்தடியோடு போய்ச் சேர்ந்தபோது மேசையில் கேக்கும் வால்நட் ரொட்டியும் இருந்தன. வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஆண்கள், பள்ளிப் பிள்ளைகள் போலப் பல்லைக் காட்டிக்கொண்டு. மரப்பலகை ஓரங்கள் எல்லாம் ஊசி மூலையோடு மின்னின. ஒரு பொட்டு மை இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கால் வலி மறந்துபோயிற்று.

அவர் நடுப் பக்கத்துக்கு வந்தார். விரலால் ஒவ்வொரு உறையாகத் தடவினார். அடுத்த பக்கம் பார்த்தார், முந்தின பக்கம் பார்த்தார்.

"பழசெல்லாம் எங்க, மெர்ல்?"

"அந்தக் குப்பையா? வாசல்ல சின்னப் பசங்களுக்கு இனாம் பெட்டி வெப்போமே, அதுல கொட்டினேன். போன மாசமே அள்ளிட்டுப் போயிட்டாங்க. சைக்கிள் சக்கரத்துல செருகிச் சத்தம் கிளப்ப நல்லா இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன் மிஸஸ் ஹுடாக்? அது வேண்டியிருந்துதா? நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

பெரிய உடம்புக்காரன் மெர்ல். அப்போது அவன் முகம் அடி வாங்கப்போகிற பிள்ளையின் முகமாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

"இல்லப்பா. பரவாயில்ல. ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு, "கேக் வெட்டலையா?" என்று கேட்டார். இரண்டு துண்டு சாப்பிட்டார். மெர்ல் நிம்மதியாக மூச்சு விட்டான்.

நான்தான் அவரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆல்பம் அவர் மடியில் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சொன்னார்.

"லென்னி என்மேல கோவிச்சுக்க மனசில்லாம போகல, கஸ். அன்னிக்கு என் மூஞ்சியைப் பாத்திருக்கான்."

அழுதார். மகன் செத்த செய்தி வந்த அன்றைக்குக்கூட அழவில்லை என்று சொல்லியிருந்தவர், என் பழைய வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். நான் எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகும் சந்தைக்கு வந்தார். கிறுக்கல் கார்டு கேட்கவில்லை. வாசலில் இனாம் பெட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் அட்டைகளை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் வசந்தத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் மெர்லும் ஒருவன். கல்லறையிலிருந்து இறங்கி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாவம், யாருமில்லாத பொம்பளை. கடைசிக் காலத்துல நாம அவங்களுக்கு ஒரு நல்லது பண்ணினோம். இல்லையா, கஸ்?"

அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாடா" என்றேன்.