பக்கத்துச் சீட்டு பிஸ்கட் டின்

அடுத்தவர் டின்னைத் திறந்து பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வெட்கம்தான், என்ன செய்ய?

இன்று செந்தூல் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண். மடியில் பிஸ்கட் டின்.

"என்னம்மா, முறுக்கா? மாமாவுக்கு ஒண்ணு குடு லா" என்று மூடியைத் திறந்துவிட்டேன்.

தவளை பாய்ந்தது. பஸ்ஸே அலறியது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க! நாளைக்கு பயாலஜி பரீட்சை. அத அறுத்துக் காட்டலேன்னா பெயிலு!" அழுதேவிட்டாள்.

சீட்டுக்கடியில் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் வெறும் டின்னோடு இறங்கி, ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விடிவதற்குள் வேறு தவளை பிடித்துத் தருகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நான் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மழை. குடையை விரித்தேன். தவளை என் தலையில் விழுந்து, சாக்கடைக்குள் போய்விட்டது.