‘நம்’ அடிக்கும் பேனா

‘நம்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் பிரம்மநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுவார். ‘நம் கலைஞர்கள்’ என்றிருந்தால் அது ‘எங்கள் கலைஞர்கள்’ ஆகும். ‘நம்ம ஊர்த் திருவிழா’ ‘எங்கள் ஊர்த் திருவிழா’ ஆகும். யாராவது கேமரா முன் பேசிப் பதிவான வார்த்தையென்றால் மாற்ற வழியில்லை. எழுதி வந்த தாளில் அந்த வாக்கியத்தின்மேல் கோடு போட்டு, வெட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அரசாங்கச் செலவில் கடல் கடந்த ஒரு நாட்டுக்குத் தமிழ் நிகழ்ச்சி அனுப்புகிற தொலைக்காட்சி அலுவலகம் அது. நிகழ்ச்சி சட்டத்துக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. எந்த நாடு என்று கேட்டால், "அது எதுக்கு உங்களுக்கு?" என்பார். இருபத்தாறு வருஷமாக அதே மேஜை. சட்டம் நாற்பது பக்கம். அவர் அதை மூன்றே விரலில் சொல்லிவிடுவார். "அரசாங்கத்துக் காசு, இது ஒண்ணு. அங்க காட்டலாம், இங்க ஒருத்தர் கண்ணுலயும் படப்படாது, இது ரெண்டு. பாக்குறவன் அந்த நாட்டுக் குடிமகன். அவனப் பிடிச்சு நம்மாளுன்னு சொல்லப்படாது."

மூன்றாவது விரலில்தான் ‘நம்’ மாட்டிக்கொண்டது. ‘எங்கள்’ என்றால் பார்க்கிறவன் வெளியே நிற்கிறான். ‘நம்’ என்றால் அவனையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாயிற்று. சட்டத்தை எழுதிய இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். "அவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல" என்று சலித்துக்கொள்வார்.

மற்ற மேஜைகளில் அடித்ததைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு. அடித்த வரிக்குக் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினால் போதும். பிரம்மநாயகம் ஒருமுறைகூட அப்படி எழுதியவரில்லை. "யோசிச்சுத்தான வே அடிக்கேன்" என்பார்.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்ததும் பேனாவின் அதிகாரம் முடிந்துவிடும். "நம்ம வீட்டுல இன்னைக்குச் சொதி வச்சிருக்கா. ஒரு கரண்டி ஊத்திக்கிடுங்க." பெண்டாட்டி பெயரைச் சொல்லக் கூசும் திருநெல்வேலிக்காரர்களுக்கு ‘நம்ம வீட்டுல’ என்றால் மனைவி. அந்த மீனாட்சியம்மாள் மாட்டுங்கா லேபர் கேம்ப் வீட்டில் சொதி வைக்கிறாளே தவிர, கணவர் கையெழுத்துப் போட்ட நிகழ்ச்சி ஒன்றையும் பார்த்ததில்லை. "அப்படி ஒரு டிவி இருக்குன்னு நானும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய ஆபீஸ் பை தாராவியில் ஊர்க்காரர் சலாவுதீனின் பைப் பட்டறையில் தைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் படப்பிடிப்புக் குழு ஒன்று அந்தப் பட்டறைக்குப் போய் நாலு நிமிஷப் படம் எடுத்தது. இந்த வருஷம் சலாவுதீன் மாரடைப்பில் போய்விட்டார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும் அவர் மனைவி நஜ்முன்னிசா லேபர் கேம்ப்புக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, அவுக டிவில பேசுனாகளே. ஒரே ஒரு தடவ பாக்கணும். போட்டோ இருக்கு, கொரலுதான் எதுலயும் இல்ல."

"இங்க காட்டப்படாதும்மா. சட்டம்."

"யாரோ எவரோ பாக்கலாம், நான் பாக்கப்படாதா?"

அவள் போனதும் மீனாட்சியம்மாள், "மொபைல்ல பிடிச்சுட்டு வந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

"எனக்குத் தெரியும்லா" என்றார்.

மனப்பாடமான நாற்பது பக்கத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒன்பதாம் நாள் அகப்பட்டது. படத்தில் வந்தவரோ அவருடைய வாரிசோ, அதில் பிழை இருப்பதாகப் புகார் கொடுத்தால் அலுவலகத்துக்குள் வைத்துக் காட்டலாம். அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனார்.

"ஒரு புகார் எழுதிக் குடும்மா."

"அவுக மேல நான் என்ன புகார் சொல்ல, அண்ணாச்சி?"

"பேரத் தப்பாப் போட்டுட்டாங்களோன்னு சந்தேகம்னு எழுது, போதும்."

பெயர் சரியாக இருப்பது அவருக்குத் தெரியும். அதைச் சரிபார்த்தவரே அவர்தான்.

குறித்த நாளில் திரையில் சலாவுதீன் வந்து, வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் பேசினார். நஜ்முன்னிசா நாற்காலியை இரண்டு தடவை முன்னால் நகர்த்தினாள். முடிந்ததும், வந்த வேலையை மறக்காமல், "பேரு சரியாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கேட்டாள். "என்னயப் பத்திச் சொல்லிருக்கேன்னு வீட்டுல வந்து பீத்துனாக. அது வரலியே?"

பிரம்மநாயகம் கோப்பைப் பிரித்தார். இரண்டாம் பக்கத்தில் அவருடைய சிவப்புக் கோடு இருந்தது. வெட்டிய துண்டுகளை யாரும் எடுத்து வைப்பதில்லை. இனி அந்த வார்த்தைகள் இந்தத் தாளில் மட்டும்தான். கோட்டுக்கு அடியில் தெரிந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மொதப் பையத் தச்சது நம்ம வீட்டுலதான். நான் அவளப் பாத்துப் படிச்சவன்."

தினமும் சொதியோடு தன் வாயில் வருகிற அதே வார்த்தை. அது எந்த நாட்டுக்காரனையும் உள்ளே இழுக்கவில்லை. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியைச் சொன்னான், அவ்வளவுதான். பிரம்மநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது.

"அடிச்சது நான்தாம்மா" என்றார்.

நஜ்முன்னிசா கோபப்படவில்லை. "இன்னொரு தடவ வாசிங்க, அண்ணாச்சி" என்றாள்.

வாசித்தார்.

எப்போதோ ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சி. அந்தத் தாளில் இனி என்ன எழுதினாலும் எந்த நாட்டிலும் எதுவும் மாறப்போவதில்லை. பிரம்மநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். அடித்த வரிக்குக் கீழே ஓர் எழுத்தும் விடாமல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போய், ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.