நாற்காலியிலிருந்து எழும் சோதனை

கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் பதினோராம் வகுப்பில் உடற்கல்வியை விருப்பப் பாடமாக எடுத்தேன். ஓட்டமும் பந்தும்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அடுத்த வருடம் செய்முறை நோட்டுக்காக, அறுபது வயது தாண்டிய ஒருவரின் உடல்திறனைச் சோதித்து எழுதிவரச் சொன்னார்கள். வீட்டிலேயே அப்பா இருந்தார். சின்னமனூர்ப் பக்கத் தோட்டங்களில் வாழைத்தார் சுமந்தே எங்களை வளர்த்தவர். நான் கடைக்குட்டி.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று எண்ண வேண்டும். கை ஊன்றினால் அது சேர்த்தியில்லை. செல்போனில் நேரத்தை ஓடவிட்டேன். அப்பா ஒரு சாண் எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடியும் அதேதான். கை தானாக முழங்காலுக்குப் போனது.

"கைய எடுங்கப்பா, ஊனக் கூடாது!" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "ஏன்டி அவுகளப் போட்டுப் பாடாப் படுத்துற? ரெண்டு வருசமா அந்தக் கயித்தப் புடிச்சுத்தான கட்டில்ல இருந்து எந்திரிக்காக."

"பத்துன்னு போட்டுக்க ஆத்தா," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

நோட்டில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. எழ முடியாதவருக்கு என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. பத்து என்றே எழுதினேன்.

கட்டிலுக்கு மேலே விட்டத்திலிருந்து தொங்கும் அந்தக் கயிற்றில்தான் தினமும் என் பள்ளிச் சீருடையை மாட்டிவைப்பேன். விடிந்ததும் அது தரையில் கிடக்கும். அதற்காக அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்.