மோடம் எடுத்த வெள்ளிக்கிழமை அழைப்புகள்

என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதப் பிடிக்காது. பேசித்தான் அனுப்புவாள். இன்று காலை வந்தது நாலரை நிமிடம். பாதி அவளுடைய முழங்கால் வலி, மீதி என்னைத் திட்டியது. கேட்டு முடித்த கையோடு நான் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். நேரில் போய் உட்கார்ந்தால் காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஊர்க்கதை பேசுவாள். இந்தப் பழக்கம் அவளுக்கு வந்ததற்கு நான்தான் காரணம். நானும், முப்பது வருடத்துக்கு முன்னால் நான் அமைத்த ஒரு மோடமும்.

அப்போது சிம்மக்கல்லில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தேன். கடையின் பின்பக்கம், டானிக் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு சின்ன அறை. அதில் யூனிக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், பச்சை எழுத்து மின்னும் நாலு டெர்மினல், கடையிலேயே ஒரே ஏசி. கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசியில் முதலாளியின் சொந்தக்காரர்கள் வந்து வேர்வை ஆற்றிக்கொண்டு போவார்கள். முதலாளியும் அவர் தம்பியும் சௌராஷ்டிரக்காரர்கள். என்னிடம் தமிழில் பேசுவார்கள், என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் வீட்டு மொழிக்கு மாறிவிடுவார்கள். இரண்டாம் மாதமே எனக்கு அது புரிய ஆரம்பித்துவிட்டது. புரியாத மாதிரியே இருந்துகொண்டேன். எனக்குப் புரியாது என்று நினைத்துப் பேசும்போதுதான் மனிதர்கள் என்னை அதிகம் பாராட்டினார்கள்.

அந்த வருடம்தான் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது. அவளை சோழவந்தானில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தன் கொழுந்தனுக்கு என்னைக் கட்டிவைத்து, அதே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் அடங்காது. "நீ தனியா மாட்டிக்கிட்டேன்னு என்னையும் இழுக்குறியா?" என்று அவள் மாமியார் காதுபடக் கேட்டுவிட்டேன். அக்கா முகம் செத்துவிட்டது. "இனி எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

அம்மா அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அவளை விட்டால் எனக்கு யாருமில்லை. ஒரு மாதம் வீம்பாக இருந்தேன். பிறகு ஓர் இன்லேண்டு லெட்டர் எழுதினேன். மன்னிப்பு கேட்கவில்லை, அதற்கும் வீம்பு விடவில்லை. "கோபம் தீர்ந்தால் இந்த நம்பருக்குப் போன் போடு" என்று மட்டும் எழுதினேன். கடை நம்பரைக் கொடுத்தால் போன் முதலாளி மேசையில் அடிக்கும். அதனால் கம்ப்யூட்டர் அறைக்குத் தனியாக இருந்த லைனின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு மாதம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை.

கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் போன் வழியாகப் பேசிக்கொள்ள வைக்கும் மோடமும் அந்த லைனில்தான் தொங்கியது. திருப்பரங்குன்றத்தில் எங்களுக்கு ஒரு கோடவுன். அங்கிருந்து தினமும் சாயங்காலம் சரக்குக் கணக்கு மோடம் வழியாக வரும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஆரம்பத்தில் இரண்டு நாள் முழுக்க எங்கள் மோடம் டயல் செய்யவே மறுத்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், அதற்கு வைத்த பெயரைக்கூட மாற்றினேன். கடைசியில் பார்த்தால், எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பழையது, அதற்கு டிக் டிக் என்று சுழற்றுகிற பழைய முறைதான் தெரியும். நான் கொடுத்ததோ பீப் பீப் என்று ஒலிக்கும் புது டோன் முறை. ஓர் எழுத்தை மாற்றியதும் வேலை செய்தது. எனக்கு ஆட வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் ஒரு பெட்டி டானிக்கைத் தட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகும் தினமும் கோடவுனில் வேலை பார்த்த அண்ணன் முதலில் போன் போட்டு, "லைன் போடப் போறேன்மா" என்பார். நான் ரிசீவரை வைத்துவிட்டு மோடத்தைத் தயார் செய்வேன். ஒவ்வொரு நாளும் இது என்ன கொடுமை என்று, மணி அடித்தால் மோடமே முதல் மணியில் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். அதன் கத்தல் முதலாளிக்கு ஆகாது, ஆகவே ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டேன். அக்காவுக்கு அந்த நம்பரைக் கொடுத்தது நினைவில் இருந்ததா? இருந்தது. அவளாவது, போன் போடுவதாவது என்று இருந்தேன்.

கம்ப்யூட்டரில் ஒரு பதிவுக் கோப்பு உண்டு. யார் கூப்பிட்டாலும் நேரத்தோடு எழுதி வைக்கும். இரண்டு வாரம் கழித்து அதைப் பார்த்தபோது, வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் ஓர் அழைப்பு. மணி அடித்தது, மோடம் எடுத்தது, எதிர்முனையிலிருந்து சிக்னல் வரவில்லை, துண்டித்தது. அடுத்த வெள்ளியும் அதே. நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை. நான் வித்தை தெரிந்தவள் அல்லவா, மோடத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். கோடவுன் மோடம் மெதுவாகப் பதில் சொல்கிறது போலிருக்கிறது என்று, எங்கள் மோடம் காத்திருக்கும் நேரத்தை முப்பது நொடியிலிருந்து அறுபதாக்கினேன். சரியாகவில்லை. தொண்ணூறாக்கினேன். அப்போதும் அதே வரி.

"அண்ணே, வெள்ளிக்கிழமை காலைல ஏன் லைன் போட்டுட்டுப் பாதியில விடுறீங்க?" என்று கோடவுன் அண்ணனைப் பிடித்தேன்.

"வெள்ளிக்கிழமை காலைல நான் எங்கம்மா போடுறேன்? லாரிக்கு லோடு ஏத்துற நேரம்மா அது. மூச்சு விட முடியாது."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடையில் பூஜை. சூடம் காட்டி, சுண்டல் கொடுப்பார்கள். எல்லாரும் முன்பக்கம் போய் நிற்க வேண்டும், நானும்தான். அதனால்தான் அந்த நேரத்தில் அறையில் ஆள் இருந்ததில்லை. ஆறாவது வெள்ளி, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். மோடத்தின் ஸ்பீக்கரைத் திறந்து வைத்தேன். யாரோ கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கிறார்கள், கையும் களவுமாகப் பிடித்து முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைப்பு.

மணி பாதி அடித்ததும் மோடம் எடுத்தது. கீச்சென்று கத்தியது. அந்தக் கத்தலுக்கு நடுவில் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

"... கொழுந்தனுக்கு உசிலம்பட்டியில பொண்ணு பாத்தாச்சு. நல்ல பிள்ளை. நீ சொன்னது ஒண்ணும் தப்பில்லடி. நான் மாட்டிக்கிட்டேன்தான். அதை நீ எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே, அதுதான் எனக்கு ஆறல..."

அக்காவின் குரல். மோடத்தை அணைத்தால் லைன் போய்விடும் என்பது மட்டும் நல்லவேளையாக ஞாபகம் இருந்தது. முதலில் ரிசீவரைத் தூக்கினேன், பிறகு மோடத்தை அணைத்தேன். கத்தல் நின்றது. "அக்கா" என்றேன்.

அவள் பேசிய எஸ்டிடி பூத்துக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது கேட்டது.

"நீ எதுக்குடி எடுத்த?" என்றாள் அக்கா. "நான் அதுகிட்ட நல்லாப் பேசிக்கிட்டு இருந்தேன்."

அழுதபடியே சிரித்தேன். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது அந்த பூத்துக்கு வருவாளாம். முதல் வாரம் கத்தலைக் கேட்டுப் பயந்து வைத்துவிட்டாள். "அது கம்ப்யூட்டரும்மா, நாம பேசுறது அதுக்கு விளங்காது" என்று பூத்துக்காரர் சொல்லியிருக்கிறார். விளங்காது என்றதும்தான் அவளுக்குத் தைரியம் வந்திருக்கிறது. அதன் பிறகு வாரம் தவறவில்லை.

"மொதல்ல சட்டுனு வச்சிரும்டி" என்றாள். "போகப் போக அதுக்கு என்ன தோணுச்சோ, எம்புட்டு நேரம் பேசுனாலும் இருந்து கேட்டுச்சு."

நான்தான் நொடிகளைக் கூட்டினேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "மன்னிச்சிரு, அக்கா" என்று மட்டும் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வாரியா? ஆட்டுக்கால் வைக்கிறேன்" என்றாள். போனேன். கொழுந்தன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினேன்.

அந்த மோடம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கடையும் இப்போது அங்கே இல்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அந்தச் சின்ன அறையும், பச்சை எழுத்தும், எதையும் சரிசெய்துவிட முடியும் என்று நம்பிய அந்தப் பெண்ணும் இன்னும் எனக்கு வேண்டும் போலிருக்கிறது. ஆறு வெள்ளிக்கிழமையில் நான் கேட்டது கடைசி வாரத்தின் அந்தக் கொஞ்சம்தான். முந்தைய வாரங்களில் அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அவள் அனுப்பியதைக் கேட்டுவிட்டு, எழுதிக் கேட்டேன். பதில் வந்தது, பத்து நொடி.

"அதெல்லாம் உன்கிட்டயா சொன்னேன்? அதுகிட்ட சொன்னது. அது ஒண்ணுதான்டி என்னைய ஒரு வார்த்தை எதுத்துப் பேசாமக் கேட்டுச்சு."

நானும் எதிர்த்து எதுவும் எழுதவில்லை. அடுத்தது வரட்டும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.