தோலுக்குப் பூசுகிற கிரீம்

பொறாமைக்காரிக்குச் சோறு இறங்காது என்று அம்மா சொல்வாள். எனக்கு நன்றாகவே இறங்கியது. மாமாவுக்கு எடுத்து வைத்த முட்டையும் சேர்ந்தே இறங்கியது. மாமாதான் சாப்பிட வரவில்லையே. வாசலில் புங்க மரத்து நிழலில், காருக்குள் தலையை விட்டுக்கொண்டு சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செஞ்சியில் எங்கள் வீட்டிலேயே தங்கி, யார் யார் வண்டியையோ ஓட்டிக்கொண்டிருந்தவர். சொந்தமாக ஒரு கார் வாங்குகிற வரைக்கும் அவர் எனக்கு மட்டும்தான். என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தருவது, கோட்டைக்கு மேலே ஏறக் கால் வலித்தால் உப்பு மூட்டை தூக்குவது, எல்லாம் அவர். பிறகு புதுச்சேரியிலிருந்து அந்தப் பழைய கார் வந்தது. எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, உன் மாமன் உனக்கு ஒரு தங்கச்சி வாங்கியாந்துட்டான் போலக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு டாக்டர் வைத்திருந்த கார் அது. உள்ளே அத்தனையும் தோல் சீட்டு, வெல்லப்பாகு நிறத்தில். "ரெக்ஸின் இல்லபா, அசல் தோலு. வேணும்னா மோந்து பாரு" என்பார் மாமா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம். தெருவில் பாதிப் பேர் மோந்து பார்த்தார்கள். என் அப்பா, நைனா, மட்டும் மோந்து பார்க்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு மொபெட். "மாட்டு மேல உக்காந்து போறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பீத்தல்?" என்றார். பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்கிறோம். மச்சான் காய்ச்சலுக்கு ஒரு பெயர் வைக்காமல் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதுவும் இருந்தது.

அதற்காகச் சீட்டைத் துடைக்க யோசனை சொல்ல யாரும் தயங்கவில்லை. அம்மா பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொடுத்தாள். அதைப் போட்டுத் தேய்த்ததில் தோல் பனிக்காலத்து முழங்கால் மாதிரி வெளுத்துப்போனது. "எண்ணெ போடுடா, எந்தத் தோலுக்கும் எண்ணெதான்" என்றார் நைனா. மாமா நம்பித் தேங்காய் எண்ணெயைப் பூசினார். மறுநாள் கல்யாண வீட்டுக்கு ஏற்றிப்போன பெரியவர் இறங்கும்போது அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கம் இலங்கை வரைபடம் போல ஒரு கறை. நைனா அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கடைசியில் மாமா திண்டிவனத்தில் சீட்டு தைக்கிற கடைக்காரரிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் எனக்கு உண்மையான கஷ்டகாலம். முதலில் சீட்டு இடுக்கில் இருக்கும் மண்ணைப் பெயிண்ட் பிரஷ்ஷால் நோண்டி எடுப்பார். பிறகு கொஞ்சமே கொஞ்சம் ஷாம்பூவைத் தண்ணீரில் கலக்கி, நுரையை மட்டும் அள்ளித் தடவுவார். தண்ணீர் தையலுக்குள் இறங்கக் கூடாதாம். தையல் ஓரத்துக்கு டூத் பிரஷ், அது என்னுடைய பழைய பிரஷ். துடைக்க மெத்தென்ற பருத்தித் துணி, அது என்னுடைய பழைய பாவாடை. டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு வேறு துணி, அதுவும் என் பாவாடையில் கிழித்ததுதான். பிளாஸ்டிக்கில் பளபளவென்று எதையும் அடிக்க மாட்டார். எங்கள் ஊர் வெயில் பாறையில் பட்டுக் கண்ணாடிக்குள் வரும். டேஷ்போர்டும் பளபளத்தால் ரோடு தெரியாது. நிறுத்தினால் நிழல், நிழல் இல்லையென்றால் முன் கண்ணாடிக்கு உள்ளே அட்டை. எனக்கு வெயிலுக்கு ஒரு குடைகூட வாங்கித் தராதவர்.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு டப்பாவைத் திறப்பார். வெண்ணெய் போல இருக்கும், நல்ல வாசனை. பஞ்சில் தொட்டு, குழந்தைக்கு நலங்கு வைப்பது போல வட்ட வட்டமாகத் தடவுவார்.

"இது இன்னா மாமா?"

"தோலுக்குப் பூசற கிரீம் குட்டி. இத்த பூசினா தோலு வெடிக்காது, சுருங்காது. சும்மா மினுமினுன்னு இருக்கும்."

"எனக்கு?"

"உனக்கின்னா, நீ ராணி" என்றார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ராணிக்கு அன்றைக்கு முழங்கை வெடித்திருந்தது, உதடு வெடித்திருந்தது. தோலுக்குப் பூசுகிறது என்று அவரே சொல்லிவிட்டார், எனக்கும்தான் தோல் இருக்கிறது. அவர் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவை எடுத்து முகம், கழுத்து, கை என்று வஞ்சகமில்லாமல் பூசிக்கொண்டேன். மினுமினுவென்றுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தக்காளி மாதிரி ஆகி, நான் போட்ட கூச்சலில் மாமா ஈரத் துண்டோடு ஓடி வந்தார்.

முகத்தைக் கழுவி, என்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மெடிக்கலுக்குப் பறந்தார். அங்கே ஒரு அக்கா மருந்து எடுத்துக் கொடுப்பாள். மேல்சித்தாமூர்க்காரி, சமணர் வீட்டுப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு டிபன் பாக்ஸை மூடிவிடுவாள் என்பதால் எனக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"கண்ணு, இது நம்ம தோலுக்கு இல்ல. மாட்டுத் தோலுக்கு."

"நான் இன்னா மாடான்னு கேளு மாமா" என்று நான் அழுகையோடு அவரிடம் சொன்னதற்கு இருவரும் சிரித்ததைப் பார்த்தால், நான் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டேன் போல. அக்கா ஒரு ரோஸ் நிற மருந்தைத் தானே என் முகத்தில் பஞ்சால் தடவினாள். எரிச்சல் அடங்கியது. அவளும் கடையிலிருந்து கிளம்புகிற நேரம்தான். "எங்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்குதுங்க, வீட்டாண்ட விட்டுடறோம்" என்றார் மாமா. எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.

கார்க் கதவு வரைக்கும் வந்த அக்கா, உள்ளே பார்த்தாள். "நெஜத் தோலுங்களா?"

"அசல் தோலுங்க!" மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "மோந்து..."

"நாங்க தோல் பொருள் சேக்க மாட்டோங்க. செருப்பே ரப்பர்தான். தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, நேரே போய் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! ஊரே மோந்து பார்த்த சீட்டை வேண்டாம் என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாள். எதிரிக்கு எதிரி நண்பன் இல்லையா. அன்றிலிருந்து அந்த அக்கா என் கட்சி.

அடுத்த வாரம் மாமா காரைத் திண்டிவனத்துக்கு ஓட்டிப் போனார். திரும்பி வந்தபோது தோல் இல்லை. சாம்பல் நிறத்தில் சாதாரணத் துணி சீட்டு. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல தோல யாராச்சும் உரிப்பாங்களாடா? பேய் கீய் புடிச்சிக்குதா உனக்கு?" நைனா முதல் முறையாகக் காருக்குள் ஏறி உட்கார்ந்து, "இப்பதான் மனுசன் உக்கார்ற மாதிரி இருக்குது" என்றார்.

"ஏன் மாமா எடுத்துட்ட?" என்று கேட்டேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "உனக்குத்தான் தோலு ஒத்துக்கலியே குட்டி."

தெருவில் எனக்குக் கால் தரையில் படவில்லை. எதிர்வீட்டுக்காரம்மாவிடம், பள்ளிக்கூடத்தில், தண்ணீர்க் குழாயடியில், எல்லா இடத்திலும் சொன்னேன்: எனக்காக மாமா அவ்வளவு விலைச் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டார். முன் சீட்டு மறுபடியும் என்னுடையது. ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கொண்டு நாலைந்து நாள் மகாராணியாகப் போய் வந்தேன்.

ஒரு சாயந்திரம் மெடிக்கல் வழியாக வரும்போது அக்கா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். மாமா வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கையே துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் கத்தினேன்.

"யக்கா! தோலு இல்லக்கா இப்ப! எனக்காக மாமா எடுத்துட்டாரு. தொட்டுப் பாரு, துணி!"

அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். "உனக்காகவா கண்ணு?"

"ஆமா, சத்தியமா. வாக்கா, நீ முன்னாடி உக்காரு" என்று கதவைத் திறந்துவிட்டு, நானே இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். என் வெற்றியை என் கட்சிக்காரிக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது?

திண்டிவனம் ரோட்டில் கார் மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போனது. மாமா முன்னால் பார்க்கவே இல்லை, இடது பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"ரோட்டப் பாரு மாமா" என்றேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை. நானும் சேர்ந்து சத்தமாகச் சிரித்தேன்.