உள்ளே வந்தவர்களில் ஒருவர் அதிகம்

அந்தக் கடையில் கட்டில் விற்றது, மெத்தை விற்றது, பீரோ விற்றது, மிக்ஸியும் குக்கரும் விற்றன. இவற்றில் ஒன்றைக்கூட அவள் விற்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்து கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் நின்றுகொள்வாள். கதவைத் தள்ளிக்கொண்டு யார் வந்தாலும், தள்ளலாமா வேண்டாமா என்று யார் யோசித்துக்கொண்டு நின்றாலும், "வாங்க" என்பாள். அவ்வளவுதான் உத்தியோகம். "ஒரே ஒரு வார்த்தைக்குச் சம்பளம் வாங்கற ஆளு உலகத்துலயே நீதான்க்கா" என்று பில் போடும் பெண் கேலி செய்வாள். கடை முழுக்க அவளுக்கு வாங்கக்கா என்றுதான் பெயர். வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரு குறும்பு உண்டு. உள்ளே வரச் சொன்னாலும் வாங்க, பொருளை எடுத்துக்கொள்ளவும் வாங்க. கடைக்காரர்களுக்கு இதைவிடத் தோதான சொல் அமையாது. ஆனாலும் சொல் மட்டும் என்ன செய்யும்? இவளுக்கு முன்னால் அந்த இடத்தில் மூன்று பெண்கள் நின்றுபார்த்தார்கள். ஒருத்தி சொன்னது கொட்டாவி மாதிரி இருக்கும். இன்னொருத்தி ஆளைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துச் சொல்வாள். வந்தவர்கள் மின்விசிறிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள். இவள் சொன்னால் மட்டும், நம் வரவுக்காக ஒரு ஜீவன் வெகுநேரமாகக் காத்துக்கிடந்தது போல மனசு இளகிப்போகும். பல்பு வாங்க வந்த மனிதர் பீரோவோடு வீட்டுக்குப் போவார். ஏன் வாங்கினாய் என்று பெண்டாட்டி கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

அவள் குரலில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் யாருக்கும் அவள் சொன்னதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர், ஆறு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசை ஒன்றை யாரையும் கேட்காமல் வாங்கிவந்து இறக்கினார். வீட்டில் இருந்ததோ இரண்டு பேர். மேசையைப் போட்டபின் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. "இன்னும் எந்த நாலு பேரு வரப்போறாங்கன்னு இதை வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி. வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

பதினோராம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். அவர் ஒரு மாதிரியான ரோஷக்காரர். கோபித்துக்கொண்டு போய்விட்டால், சொந்த வீடானாலும் கூப்பிட்டால்தான் காலை உள்ளே வைப்பார். பையும் கையுமாக வாசலில் நின்றார். சமையலறையிலிருந்து அவள் பார்த்தாள். அவர் பார்த்ததையும் பார்த்தாள். 'போனவருக்கு வரத் தெரியாதா? தானா வரட்டும்' என்று வீம்பாகத் திரும்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். இரண்டு பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஆள் இல்லை.

அன்றைக்குப் போனவர்தான். போலீஸில் புகார் கொடுத்தாள், போட்டோ ஒட்டினாள், சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டுக் கதவையும் தட்டினாள். செத்துப்போனார் என்று அழவும் வழியில்லை, எங்கேயோ நன்றாக இருக்கிறார் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. ஒரு வருஷம் கழித்து இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள், முதல் ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்றபோது, தொண்டையில் ஒரு வருஷமாக அடைத்துக்கிடந்த சொல் வெளியே வந்தது. அதற்குப் பிறகு தினம் முந்நூறு முறை, நானூறு முறை சொன்னாள். ஒவ்வொன்றும் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அதே சொல்தான். பாவம், ஜனங்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நம்பிக் கட்டில் வாங்கினார்கள்.

அந்த நிறுவனத்துக்குப் பதினோரு கிளைகள். இந்தக் கிளையில் மட்டும் வியாபாரம் இரண்டு பங்கு. காரணத்தைக் கண்டுபிடித்து வரும்படி தலைமை அலுவலகம் ஒருவரை அனுப்பியது. எதற்கெடுத்தாலும் "அதுக்கு என்ன காரணம்?" என்பார். வந்த இரண்டாம் நாளே ஊழியர்கள் அவருக்குக் காரணம் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் வாங்கிச் செல்கிறவர்களிடம் ஒரு படிவம் நீட்டினார். எதற்காக வாங்கினீர்கள்? விலை, தரம், விளம்பரம், தள்ளுபடி, விற்பனையாளர் விளக்கிச் சொன்ன விதம், பக்கத்து வீட்டில் இருப்பது என்று ஒன்பது காரணம் போட்டு, பத்தாவதாக 'மற்றவை' என்று போட்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் ஒன்பதையும் விட்டுவிட்டுப் பத்தாவதில் குறியிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தது ஏறக்குறைய ஒரே வாசகம்: 'வாங்கன்னு சொன்னாங்க, வாங்கினேன்.' காரணம் சார் மேலாளரிடம் போய், ஊர் மொத்தமும் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறதா என்று கேட்டார்.

அடுத்து ஊழியர்கள் பக்கம் வந்தார். சம்பளம் கூடினால் சுறுசுறுப்பு கூடுமா, பாராட்டினால் கூடுமா, உட்கார நாற்காலி கொடுத்தால் கூடுமா என்று ஒவ்வொருவரையும் குடைந்தார். வாங்கக்காவிடமும் வந்தார்.

"இவ்வளவு நல்லா வேலை செய்யறீங்களே, உங்களைச் செய்ய வைக்கறது எது?"

"வாசல்ல யாராவது நின்னா சொல்லிடணும் சார். சொல்லாம விட்டுடக் கூடாது."

"விட்டா?"

"போயிடுவாங்க சார்."

'வாடிக்கையாளர் மீது அக்கறை' என்று அவர் எழுதிக்கொண்டார். படித்த மனிதர், வேறு என்ன எழுதுவார்?

கதவுக்கு மேலே தலை எண்ணும் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே வரும் தலை இத்தனை, வெளியே போகும் தலை இத்தனை என்று காவலாளியின் மேசைமேல் உள்ள சின்னத் திரையில் காட்டும். கடை மூடும்போது இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இங்கே தினமும் உள்ளே வந்தவர்களில் ஒருவர் அதிகம். "மெஷின் கோளாறு சார். வருஷக்கணக்கா இப்படித்தான்" என்றார் காவலாளி. காரணம் சார் புதுப் பெட்டி வரவழைத்து மாட்டினார். புதுப் பெட்டியும் ஒருவர் அதிகம் என்றது. எந்த நேரத்தில் அந்த ஒரு தலை ஏறுகிறது என்று தேடினார். எல்லா நாளும் மூன்று மணி அடித்து நாலு நிமிஷத்துக்குள்.

அந்த நேரத்துக் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார். வெயில் கொளுத்தும் பிற்பகல், கடையில் ஈ காக்கை இல்லை. கதவு சாத்தியபடி இருக்கிறது. வாங்கக்கா சட்டென்று நிமிர்கிறாள். முகம் மலர்கிறது. வாங்க என்று உதடு அசைகிறது. ஒரு எட்டு ஒதுங்கி வழி விடுகிறாள். காவலாளியின் மேசைத் திரையில் எண் ஒன்று கூடுகிறது. அவள் கண்கள் மெதுவாக நகர்ந்து, நடக்கிற ஆளைப் பார்ப்பது போல, சாப்பாட்டு மேசைகள் இருக்கும் பக்கம் வரை போய் நிற்கின்றன. பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தெருவைப் பார்க்கத் திரும்புகிறாள். கதவு திறக்கவே இல்லை.

முந்தைய நாளின் பதிவைப் பார்த்தார். அதற்கு முந்தைய நாளையும் பார்த்தார். அதே ஒதுங்கல், அதே பார்வை. மேசைப் பகுதி விற்பனையாளரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த ஆள் தலையைச் சொறிந்தார்.

"மதியத்துல அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க சார். ஆனா ஆறு நாற்காலி மேசையில ஒரு நாற்காலி மட்டும் வெளிய இழுத்துக் கிடக்கும். நான்தான் தள்ளி வைப்பேன். துடைக்கற அம்மா செய்யற வேலைன்னு நினைச்சேன்."

"துடைக்கறவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"காலையில சார்."

காரணம் சார் கேமராத் திரையை அணைத்தார். ஆனால் அவர் சம்பளக்காரர், அறிக்கை கொடுத்தாக வேண்டும். இந்தச் சங்கதியையும் 'மற்றவை' என்ற தலைப்பில் தள்ளிவிட்டு, வாங்கக்காவின் குரலைப் பதிவு செய்து மற்றப் பத்துக் கிளைகளின் வாசலிலும் ஒலிக்க விடலாம் என்று பரிந்துரை எழுதினார்.

பதிவு அறையில் ஒலிவாங்கியின் முன் அவளை நிறுத்தினார்கள். இருபது முறை சொன்னாள். இருபதும் சப்பென்று இருந்தன. "யாரோ வந்து நிக்கற மாதிரி நினைச்சுக்கோங்கம்மா" என்றார் காரணம் சார். அவள் அறையின் மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அறையில் இருந்த நாலு பேரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதையே வைத்துக்கொண்டார்கள்.

பத்துக் கிளைகளிலும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் இங்கே வாங்கக்காவின் சுருதி இறங்கிவிட்டது. மூன்று மணி ஆனால் நிமிர்வாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு, எதையோ தொலைத்தவள் போல நிற்பாள். என்ன தொலைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, குரல் உலர்ந்துபோனது, பல்பு வாங்க வந்தவர்கள் பல்போடு போனார்கள். மேலாளர் கூப்பிட்டுத் திட்டினார். ஏன் இந்தச் சரிவு என்று கண்டுபிடிக்க மறுபடியும் காரணம் சார் வந்து சேர்ந்தார்.

அவர் நல்ல மனிதர்தான். அவளைத் தனியே உட்கார வைத்து, அந்தப் பழைய கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். "இதுல நீங்க யாருக்கும்மா வழி விடறீங்க?" என்று கேட்டார். தான் அப்படிச் செய்ததே அவளுக்குத் தெரியாது. மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை திரையில் தன் கண்கள் இருந்த இடத்தைத் தொட்டாள்.

"இவ்வளவு தூரம் யாரையும் நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் சார். இது அவரு உசரம்."

மேசையில் தொடங்கி, தேய்க்காமல் விட்டிருக்க வேண்டிய அந்த இரண்டு பாத்திரம் வரைக்கும் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். காரணம் சார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தார். பத்துக் கிளைகளின் பெட்டிகள் காட்டிய எண்கள். திங்களன்று ஒரு கிளை, செவ்வாயன்று நாற்பது மைல் தள்ளி வேறொரு கிளை, புதனன்று அதற்கும் அப்பால் இன்னொன்று. ஒரு நாளைக்கு ஒரு கிளையில், மூன்று மணிக்கு, ஒரு தலை உள்ளே வருகிறது. ஒரே நிமிஷத்தில் வெளியே போய்விடுகிறது.

"இங்க வந்தது இருந்துச்சு. அங்கெல்லாம் ஏன் உடனே திரும்பிடுதுன்னுதான் எனக்குப் புரியல" என்றார்.

"என் குரலைக் கேட்டுட்டு அங்க ஓடறாரு சார்," என்று வாங்கக்கா அழுதாள். "உள்ள போய்ப் பார்த்தா நான் இல்ல. ஒவ்வொரு ஊரா அலைய விட்டுட்டீங்களே. அதை நிறுத்திடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலைமை அலுவலகத்தைக் கேட்டதற்கு, பத்துக் கிளையில் விற்பனை ஏறும் சமயத்தில் உளறாதீர்கள் என்றார்கள். ஆகவே காரணம் சார் வாழ்க்கையில் முதல்முறையாகக் காரணம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். வரும் வியாழக்கிழமை பிற்பகல் ஒலிபெருக்கிச் சோதனை, பத்துக் கிளைகளிலும் ஒரு மணிநேரம் எதையும் ஒலிக்க விட வேண்டாம் என்று தன் பெயரில் சுற்றறிக்கை விட்டார். அன்றைக்குக் காவலாளியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

மூன்று மணி. வாங்கக்கா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தெரிந்தே நின்றாள். ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. "வாங்க" என்றாள். கதவு அசையவில்லை. திரையில் எண் ஒன்று கூடியது.

அவள் வழி விடவில்லை. மார்பில் குத்தியிருந்த கடை அடையாள அட்டையைக் கழற்றிக் காவலாளியின் மேசையில் வைத்தாள். "இங்க வேணாம், வீட்டுக்குப் போகலாம் வாங்க" என்று சன்னமாகச் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். வெளியே போனவர்களின் எண் இரண்டு கூடியது. காவலாளி காரணம் சாரைப் பார்த்தார். காரணம் சார் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார்.

வீடு நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, வெறும் தெருவாக இருந்துவிட்டால்? பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நடந்தாள். தன் செருப்புச் சத்தமே இரண்டாகக் கேட்டது. 'எல்லாம் பிரமை, வேலையும் போச்சு' என்று பாதி வழியில் மனசு விட்டுப்போனது. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே போனாள். "அன்னிக்கு நான் கூப்பிட்டிருக்கணும். தப்பு என்மேலதான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் தப்புதான்."

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், தெருவுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள். எதிர் வீட்டில் மூன்று மாதம் முன்னால் குடிவந்த பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது.

"என்னக்கா, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க? யாரு உங்ககூட, சொந்தக்காரரா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஏன் பையை வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறாரு?"

வாங்கக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரும்மா. நான் இன்னும் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.