எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டவள்

கொலோன் என்ற கடலோர ஊரின் துறைமுக வாசலில் இஸ்மே கிட்டன்ஸ் சாப்பாட்டுக் கடை போட்டிருந்த காலத்தில், ஒரு கப்பல் வந்துவிட்டால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உப்புமீனை உதிர்த்து மாவில் பிசைந்து பொரித்தெடுப்பாள். தேங்காய்ப்பாலில் பயறு போட்டு வெந்த சோறு அண்டா நிறைய இருக்கும். சரக்கு இறக்கிய ஆட்கள் வியர்வை காயாமலே வந்து நிற்பார்கள். அப்படி வந்து நின்றவன்தான் லாசெல்ஸ். மற்றவர்கள் தட்டை வைத்துவிட்டுப் போன பிறகும் அவன் மட்டும் போகாமல் நின்றதால் கல்யாணம் ஆயிற்று.

பிறகு கன்டெய்னர்கள் வந்தன. நூறு பேர் சுமந்ததை ஒரு கிரேன் தூக்கி வைத்தது. காலையில் வந்த கப்பல் மாலையே கிளம்பியது. மாலுமிகள் ஊருக்குள் கால் வைப்பதே நின்றது. லாசெல்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் மாடி வராந்தாவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற கப்பலையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினான். ஊரின் ஒரு பக்கத்தை மதில் கட்டி மறைத்து, உள்ளே வரியில்லாத வியாபாரம் அமோகமாக நடந்தது. சென்ட்டும் கைக்கடிகாரமும் அங்கிருந்து நாலு திசைக்கும் போயின. மதிலுக்கு இந்தப் பக்கம் மழை பெய்தால் சாக்கடை தெருவில் நடந்துபோனது.

அவர்கள் இருந்தது எட்டாம் தெருவில், கப்பல் போகும் கால்வாயைத் தோண்ட பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டிய மரவீடு. இரண்டு தளம், தளத்துக்கு வரிசையாக அறைகள், முற்றத்தில் ஒரே குழாய். இஸ்மேயின் அப்பா அங்கேதான் பிறந்தார், அவளும் அங்கேதான். ஒருநாள் அரசாங்க ஆட்கள் வந்து வாசல் பலகையில் சிவப்புப் பெயின்டால் 'வசிக்கத் தகாதது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அன்றோடு வாடகை கேட்டு ஆள் வருவது நின்றது. ஒரு பலகைக்கு ஆணி அடிக்கவும் ஆள் இல்லாமல் போனது. வீட்டில் இருந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். போவதற்கு வேறு இடம் எது?

ஒரு அக்டோபர் மழையில் மாடிப்படி நடுவில் இற்று விழுந்தது. மேல்தளத்தில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அதோடு விழுந்து, வயிற்றுப் பிள்ளை போயிற்று. அவள் துணியை முற்றத்துக் குழாயில் அலசிக் கொடுத்தது இஸ்மே. இற்ற படிக்குக் குடியிருந்தவர்களே பழைய பலகையை வைத்துக் கட்டினார்கள். மறுநாள் மாலை அவளே கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சர்ச்சில் பாடிய தொண்டை மட்டும் இருந்தது. எல்லாருக்கும் வேறு வீடு கேட்போம், கொடுக்கும்வரை விடமாட்டோம் என்றாள். அன்று முதல் அவள் தலைவி.

அடுத்த அறையில் இருந்த செலாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. செலா லாட்டரிச் சீட்டு விற்பவள். கிழக்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைதான். ஒருத்தி இருமினால் மற்றவள் தண்ணீர் கொண்டுவந்துவிடுவாள். இஸ்மே மனுவோடு கிளம்பும்போதெல்லாம் செலா வராந்தாவிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்:

"வழி விடுங்கப்பா, மேயரம்மா கிளம்பிட்டாங்க. ஏண்டி, அப்படியே எனக்கும் ஒரு மாளிகை சொல்லிட்டு வா."

மனுவுக்குப் பதில் வராததால் சாலையை மறித்தார்கள். ஊருக்குள் வர ஒரே நெடுஞ்சாலை. அதில் பழைய டயர்களைப் போட்டுக் கொளுத்தினால் மதிலுக்குள் போகும் லாரியெல்லாம் நின்றுவிடும். போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. யாராவது பெரிய மனிதர் வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போவார். வாக்கு ஆறிப்போனதும் மறுபடி டயர். இப்படியே வருஷங்கள் போயின. இஸ்மேக்குத் தலை நரைத்தது. செலாவுக்குச் சர்க்கரை நோய் வந்து கால் வீங்கி, புண் ஆறாமல், படி இறங்க முடியாமல் போயிற்று. மகன் எஃப்ராயின் மதிலுக்குள் மூட்டை தூக்கப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவை முதுகில் சுமந்து இறக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோவான்.

கடைசியாகத் தலைநகரத்திலிருந்து பெனாவிதெஸ் என்ற அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், இஸ்மேயின் சோற்றைச் சாப்பிட்டுப் பாராட்டினார். கட்டி முடித்த வீடு ஒன்று தயாராக இருக்கிறது, தரைத்தளம், நாளைக்கே குடி போகலாம் என்றார். மற்றவர்களுக்கு எப்போது என்று அவள் கேட்டாள். படிப்படியாக என்றார். உங்களுக்கு வேண்டாமென்றால் நீங்கள் கைகாட்டும் ஆளுக்குக் கொடுக்கிறோம், திங்கட்கிழமை சாலையில் டயர் மட்டும் வேண்டாம் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பினாள்.

பலகைச் சுவர் எதையும் மறைப்பதில்லை. அன்று மாலையே செலா கூப்பிட்டாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வீட்ட எனக்குக் கொடுக்கச் சொல்லுடி. தரைத்தளமாமே. நான் என் காலால தரையில நடந்து எவ்வளவு நாளாச்சு."

இஸ்மே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு உனக்கு வாங்கிக் கொடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரும் தனித்தனியாப் போயி அந்த ஆள் முன்னாடி நிப்பாங்க. அப்புறம் டயர் தூக்க யாரு வருவா? எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேக்கணும், செலா."

"எல்லாரும் எல்லாரும்ங்கற. அந்த எல்லாரும் எந்த ரூம்ல குடியிருக்கான்? இங்க இருக்கறது நான். இந்தக் காலு."

"கொஞ்சம் பொறுத்துக்க. இவ்வளவு நாள் பொறுத்தோம்ல."

செலா புண் காலைப் போர்வையால் மூடிக்கொண்டாள். பிறகு, "சரி, மேயரம்மா," என்றாள். இந்த முறை கேலி செய்யவில்லை.

லாசெல்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னான். திங்கட்கிழமை சாலையில் டயர் எரிந்தது.

அதற்கடுத்த வாரம், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாத நண்பகலில் மரவீடு பற்றிக்கொண்டது. யார் அடுப்பு, எந்த மின்கம்பி என்று கடைசிவரை தெரியவில்லை. இஸ்மே மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். புகையைப் பார்த்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது மேல்தளம் முழுக்க நெருப்பு. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது. குழாயை மாட்டித் திறந்தார்கள். தெருக்குழாயில் அழுத்தம் இல்லை, தண்ணீர் சொட்டியது. இரண்டு தெரு தள்ளிக் கடல். வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றினார்கள். அது நெருப்புக்கு ஒரு கணக்கே இல்லை.

லாசெல்ஸை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வெந்து தோல் தொங்கியது. அவன் செலாவின் அறைக்குள் போயிருக்கிறான். தூக்கப் பார்த்திருக்கிறான். ஒரு காலத்தில் காப்பி மூட்டையைத் தனியாளாகத் தூக்கிய தோள்தான். வயதாகிவிட்டது, அவள் கனத்தாள். அவள் அவன் கையைத் தட்டிவிட்டுப் போகச் சொன்னாளாம். அவன் இறங்கியதும் படி விழுந்தது. இதை ஒரே ஒருமுறை சொன்னான்.

செலாவின் அடக்கத்தன்று இஸ்மே எஃப்ராயின் முன்னால் போய் நின்றாள். நாலு பேர் மத்தியில் அவன் திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை அவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "வந்ததுக்கு நன்றி, மிஸஸ் கிட்டன்ஸ்," என்றான்.

அந்த மாதமே எல்லாருக்கும் வீடு கிடைத்தது. ஒரு குடும்பம் விடாமல், ஒரே நாளில், அவள் கேட்டபடியே. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பெனாவிதெஸ் சாவியை அவள் கையில் வைத்துக் குலுக்கியபோது படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புது வீடுகள் ஊரைவிட்டு வெகுதூரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, காட்டை வெட்டிச் செம்மண் மேட்டில் கட்டிய சிமென்ட் பெட்டிகள். வேலைக்குப் போகிறவர்கள் இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். கூலியில் பாதி பஸ்ஸுக்கே போயிற்று. கொஞ்ச காலத்தில் ஒவ்வொரு குடும்பமாகச் சாவியை யாருக்கோ கைமாற்றிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். சிவப்புப் பெயின்ட் எழுத்து போட்ட வேறு மரவீடுகளில் காலி அறை பார்த்துக் குடியேறினார்கள். எஃப்ராயின் அந்தப் பக்கமே வரவில்லை.

லாசெல்ஸ் வாசலில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. திட்டுவதற்கு அங்கே கப்பல் இல்லை. மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். இரண்டாவது மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான்.

தான் செய்தது சரியா தப்பா என்று இஸ்மேயால் முடிவு கட்ட முடியவில்லை. தப்பு என்று மனசார ஒத்துக்கொண்டிருந்தால்கூட ஒரு அழுகையோடு தீர்ந்திருக்கும். ஆனால் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், அந்தக் கட்டில் ஓரத்தில் மறுபடி உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் உடைந்த வருஷம், புதிதாகக் குடிவந்த பெண்கள் சிலர் அவளைத் தேடி வந்தார்கள். எட்டாம் தெருவுக்கே வீடு வாங்கிக் கொடுத்தவராமே நீங்கள், எங்களுக்கும் முன்னால் நில்லுங்கள், சாலையை மறிப்போம் என்றார்கள். இஸ்மே காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டாள். கடைசியில்,

"எனக்கு ஒரு வழிதான் தெரியும்மா. அது வேண்டாம். வேற யாரையாவது பாருங்க," என்றாள்.

அவர்களுக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. மழை வலுத்தபோது கழிவுநீர் வாசற்படிவரை ஏறி நின்றது. யாரும் வந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்மே வாசலிலிருந்து தெருவின் மேடான ஓரத்துக்கு ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நடந்து சர்ச்சுக்குப் போய்வந்தாள். மற்றவர்கள் பாடும்போது அவள் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள்.